வைன் பாருக்கு முதல் தடவை போகிறீர்களா? நம் ஊர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குக் கிளம்பும் அப்பா அம்மாக்கள் இப்போது நிறையப் பேர். விசா கைக்கு வந்த மறுநாள் எனக்கு போன் வரும். பிரான்சில் லியோன் நகரத்தில் ஒரு சின்ன வைன் பாரில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இருபது பேர் உட்காரும் இடம். சமையல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சீஸ், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, ரொட்டி, ஊறுகாய் எல்லாவற்றையும் மரப்பலகையில் அடுக்கி மேசைக்குக் கொடுப்பதுதான் என் வேலை. "மொவன் அப்படியொரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேங்கான், போகவா வேண்டாமா?" என்று ஆரம்பித்து ஒரே சந்தேகங்களையே எல்லோரும் கேட்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். நான் சொல்வது பிரான்சு வழக்கம். மற்ற நாடுகளில் அளவும் விலையும் கொஞ்சம் மாறும்.

"வைன் பாருன்னா நம்ம ஊரு வைன் ஷாப் மாதிரிதானே? பொம்பளைய அங்க எப்படிப் போவ?"

பெயர்தான் குழப்புகிறது. நம் ஊரில் வைன் ஷாப் என்றால் பிராந்தியும் ரம்மும் விற்கும் கடை. ஒட்டினாற்போல ஒரு பார், பிளாஸ்டிக் டம்ளர், வந்த வேகத்தில் குடித்துவிட்டுப் போகிற கூட்டம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

அங்கே வைன் பார் என்பது ஆறேழு மேசையும் மங்கலான விளக்கும் உள்ள சின்னக் கடை. வேலை முடிந்து வருகிற நண்பர்கள், கணவன் மனைவி, தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வரும் அம்மா என்று எல்லோரும் வருவார்கள். எங்கள் அம்மா 2016-இல் வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். எழுபது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள், காய்கறிப் பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் தொடவே மாட்டேன். அங்க வந்து என்ன செய்யதுக்கு?"

சாப்பிடுங்கள், பேசுங்கள். குடிக்காதவரை யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. திராட்சைச் சாறு, ஆப்பிள் சாறு, பழப்பாகு கலந்த தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்கும். "ஊன் கராஃப் தோ" என்று சொன்னால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டு வந்து வைப்பார்கள். சாப்பாட்டோடு கேட்டால் அதற்குக் காசு கிடையாது. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் தண்ணீர் வந்து அது பில்லில் ஏறிவிடும், அதனால் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிட்டும், "நீங்க போயிட்டு வாங்க" என்று பூட்டின அறைக்குள் தனியாக இருந்துவிட்டுத் திரும்பிய பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் வேலைக்குப் போகிற பிள்ளை அமைதியாக எதிரே உட்காரும் நேரம். அதைத் தவறவிட வேண்டாம்.

"எத்தனை மணிக்குப் போவணும்? அது ராத்திரி சாப்பாடா, பலகாரமா?"

பெரும்பாலும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. நமக்கு நாலு மணிச் சாயாவும் ரசவடையும் எப்படியோ, அவர்களுக்கு இராச் சாப்பாட்டுக்கு முந்தைய இந்த நேரம் அப்படி. 'அபெரோ' என்பார்கள். பலகையே போதும் என்று அதோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கு ஒரு பலகை தாராளம். இடம் சின்னது என்பதால் வெள்ளி, சனிக்கிழமைகளில் முன்கூட்டியே மேசை சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

"உள்ள போனதும் நேரா போய் உக்காந்திடலாமா?"

கூடாது. முதலில் வணக்கம். பகலில் "போன்ழூர்", சாயங்காலம் "போன்சுவார்". இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் மேசையைப் பார்த்து நடந்தால் அவர்களுக்கு அது பெரிய மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டு நில்லுங்கள், அவர்களே இடம் காட்டுவார்கள். இருப்பதையெல்லாம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். புரியாவிட்டால் பரிமாறுகிறவரிடம் கேளுங்கள், விளக்கிச் சொல்வதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

உடுப்புக்குக் கட்டுப்பாடு ஒன்றுமில்லை. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

"கிளாஸ் பெருசா இருக்கு, ஆனா அடியில கொஞ்சம்தான் ஊத்துதாவ. ஏமாத்துதாவளோ?"

இல்லை. ஒரு கிளாஸ் என்றால் சுமார் 120 மில்லி. 750 மில்லி பாட்டிலில் ஆறு பேருக்கு ஊற்றலாம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாததற்குக் காரணம் வாசனை. மேலே உள்ள காலி இடத்தில்தான் அது தங்கி நிற்கும். லியோனில் 'போ' என்று ஒரு பாட்டில் உண்டு. அடிக்கண்ணாடி தடித்திருக்கும், சரியாக 46 சென்டிலிட்டர் பிடிக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் அதை வாங்குவது லாபம்.

கொஞ்சம்தானே என்று லேசாகவும் நினைக்க வேண்டாம். வைனில் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். கணக்குப் பார்த்தால் அந்த ஒரு கிளாஸில் 30 மில்லி பிராந்தியைவிடச் சற்று அதிகமாகவே ஆல்கஹால் இருக்கிறது. "வைன்தானே, ஜூஸ் மாதிரி" என்று மூன்று கிளாஸ் குடித்துவிட்டு எழுந்திருக்கச் சிரமப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"செவப்பு, வெள்ளை, ரோஸ்னு என்னெல்லாமோ சொல்லுதான். எனக்கு எது சரியா வரும்?"

கறுப்புத் திராட்சையைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு. பெரும்பாலும் பச்சைத் திராட்சையை எடுத்து, தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை. கறுப்புத் திராட்சைத் தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊற விட்டு எடுத்தால் ரோஸ். சிவப்பு வைனில் நாக்கைப் பிடித்து இழுக்கிற ஒரு துவர்ப்பு இருக்கும். கொல்லாம்பழத்தைக் கடித்ததும் வாய் வறண்டு போகுமே, அதே குணம்தான். அது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது.

முதல் தடவை என்றால் போஜொலே கேளுங்கள். லியோனுக்கு வடக்கே உள்ள மலைச்சரிவுகளில் விளையும் காமே என்ற திராட்சையில் செய்வது. துவர்ப்பு குறைவு, பழவாசனை அதிகம், இறைச்சிப் பலகையோடு நன்றாகச் சேரும். சீஸ் மட்டும் சாப்பிடுவதாக இருந்தால் வெள்ளை வைனே பெரும்பாலும் பொருத்தம். ஊரில் எல்லோரும் சீஸுக்குச் சிவப்பு என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஏழு வருடம் பலகை அடுக்கியதில் நான் கண்டது இது. சீஸின் கொழுப்பை வெள்ளை வைனின் புளிப்பு அறுத்துவிடும், அடுத்த வாய் சுத்தமாக இருக்கும். மரச்சீனிக் கிழங்குக்குப் புளி விட்ட மீன் கறி சேர்கிற மாதிரி.

"கோயில்ல திருவிருந்துக்குக் குடுக்கிற ரசம் இனிக்குமே. இது ஏன் புளிச்சுக் கசக்குது?"

எங்கள் சபையில் திருவிருந்துக்குக் கொடுப்பது புளிக்காத, இனிப்பான திராட்சை ரசம். அதை நினைத்துக்கொண்டு முதல் வாய் குடிப்பவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. பனையேறுகிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனீர், இனிக்கும். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் இனிப்பைத் தின்று அது கள்ளாகிவிடும். திராட்சைச் சாறும் அப்படியே. இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும் ஆல்கஹாலும். 'செக்' என்று எழுதியிருந்தால் இனிப்பு இல்லாதது என்று பொருள்.

இனிப்பாகத்தான் வேண்டும் என்றால் 'முவாலே' அல்லது 'தூ' என்று கேளுங்கள். தென் ரோன் பகுதியின் மஸ்கா தெ போம் தெ வெனீஸ் தேன் போல இனிக்கும். அதில் ஆல்கஹால் 15 சதவீதம் அளவுக்கு இருக்கும், அதனால் சின்னக் கிளாஸில்தான் கொடுப்பார்கள்.

"எறச்சியை வேக வைக்காம பச்சையாவே வைப்பாவளாமே, அதை எப்படித் திங்க?"

பலகையைப் பார்த்ததும் நம் ஆட்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். குளச்சலிலும் முட்டத்திலும் கருவாடு எப்படிப் போடுகிறார்கள்? மீனைக் கீறி, உப்பில் அடுக்கி, நீரை வடிய விட்டு, வெயிலில் காய வைக்கிறார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் கெட வைக்கும் கிருமிகள் வளர வழியில்லை. அவர்கள் செய்வதும் இதே வேலை. வெயிலுக்குப் பதில் குளிர்ந்த காற்று, நாட்களுக்குப் பதில் மாதங்கள். இத்தாலியின் பார்மா ஹாம் என்பது பன்றித் தொடை, வெறும் கடல் உப்பு மட்டும் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் தொங்க விடுவது. அப்படிப் பதமான இறைச்சிதான் அது. வித்தியாசம் என்னவென்றால் நாம் கருவாட்டைச் சுட்டோ குழம்பு வைத்தோ சாப்பிடுகிறோம், அவர்கள் அப்படியே சாப்பிடுகிறார்கள்.

லியோனின் பெருமை 'ரோசெத்'. நீளமான பன்றித் தொத்திறைச்சி, குடல் தோலில் அடைத்து மெதுவாக உலர்த்துவது. மேல் தோலில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருக்கும், தோலை உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நல்ல ரோசெத்தை வெட்டினால் வெட்டு முகம் கருஞ்சிவப்பாக, கொழுப்புப் பொட்டுகள் வெள்ளை அரிசி போலத் தனித்தனியாகத் தெரியும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவினால்தான் ருசி. எங்கள் கடையில் புதியவர்களுக்கு முதல் மாதம் முழுக்கச் சீவும் பழக்கம்தான். கூட வைத்திருக்கும் சின்ன வெள்ளரி ஊறுகாயை இடையிடையே கடித்துக்கொள்ளுங்கள்.

"மாடு வேண்டாம். எனக்க கூட வாறவருக்குப் பன்னியும் ஆகாது. எப்படிச் சொல்ல?"

உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். பன்றி 'போர்', மாடு 'பெஃப்'. முன்னால் "பா தெ" சேர்த்தால் வேண்டாம் என்று அர்த்தம். "பா தெ போர்" என்றாலே பலகையில் முக்கால்வாசி குறைந்துவிடும், ஏனென்றால் ரோசெத், ஹாம், சோரிஸோ எல்லாம் பன்றி. இத்தாலியிலிருந்து வரும் பிரெசவோலா மாட்டிறைச்சி. உலர்த்திய வாத்து நெஞ்சு, புகையூட்டிய சால்மன் மீன் இரண்டும் நம்பிக் கேட்கலாம்.

பாத்தே என்கிற அரைத்த இறைச்சி விழுது விஷயத்தில் கவனம். பெயரில் வாத்து என்று இருந்தாலும் அரைக்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். மாவுக்குள் வைத்துச் சுடும் பாத்தேயும் அப்படித்தான். மதக் காரணமாகத் தவிர்ப்பவர்கள் பாத்தேயையே விட்டுவிடுவது நல்லது. ஒரே கத்தியில் சீவக் கூடாது என்று நினைப்பவர்கள் தயங்காமல் அதையும் சொல்லுங்கள். வேறு கத்தி எடுப்பது எங்களுக்கு ஒரு நிமிட வேலை.

"சீஸ்ல பூசணம் புடிச்சிருக்கு மக்களே! அதையும் திங்கவா?"

நாலு இட்லிப் பொட்டலத்தில் ஒன்று பூசணம் பிடித்தாலே எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். பிரீ, கமம்பேர் இரண்டின் வெள்ளைத் தோலும் அதற்கென்றே வளர்க்கும் பூஞ்சை. தோலோடு சாப்பிடலாம். கோம்தே போன்ற கெட்டிச் சீஸின் பழுப்புத் தோலை ஒதுக்கிவிடுங்கள், அது கடினமாக மண்வாசனையோடு இருக்கும். மெழுகுத் தோல் இருந்தால் கட்டாயம் ஒதுக்க வேண்டும். லியோன் பக்கத்துச் சின்னச் சீஸ் சேன் மார்செலேன், உள்ளங்கை அளவு. பழுத்தால் உள்ளே கூழ் போல வழியும், கரண்டியால் எடுத்து ரொட்டியில் தடவிக்கொள்ளலாம்.

நீலக் கோடுகள் ஓடும் ரொக்ஃபோர் ஆட்டுப்பாலில், அதாவது செம்மறியாட்டுப் பாலில் செய்வது. தெற்கு பிரான்சில் கோம்பலூ மலையின் குகைகளில் வைத்துப் பழுக்க விட வேண்டும், வேறு எங்கே செய்தாலும் அந்தப் பெயர் வைக்க முடியாது. 1925-லேயே சட்டம் போட்டுக் காத்த பெயர். உப்பும் காரமும் மூக்கில் ஏறும்.

எங்கள் அம்மா அன்று அதைத்தான் கடைசியாக எடுத்தார். நுனி விரலில் ஒரு துணுக்கு, வாயில் வைத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊரிலிருந்து அவரே கொண்டுவந்த மார்த்தாண்டம் தேன் என்னிடம் இருந்தது. ரப்பர் தோட்டத்துத் தேன், துணி சுற்றிக் கட்டிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். ரொட்டித் துண்டில் ரொக்ஃபோரை உதிர்த்து, மேலே அந்தத் தேனைச் சொட்டு விட்டுக் கொடுத்தேன். தேன் நீலக் குழிகளுக்குள் மெதுவாக இறங்கியது. தின்றுவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றார். பக்கத்து மேசை அம்மாவுக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார். அந்த பாட்டில் காலியாகும் வரை எங்கள் கரும்பலகையில் அதுவும் ஒரு பலகாரமாக எழுதியிருந்தது.

"எதுல ஆரம்பிக்க? எப்படி வெட்ட?"

மிதமானதில் தொடங்கிக் காரமானதில் முடியுங்கள். ரொக்ஃபோரை முதலில் தின்றால் மற்றது எதுவும் நாக்கில் தெரியாது. முக்கோணத் துண்டின் கூர் நுனியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நுனிதான் வட்டச் சீஸின் நடுப்பகுதி, அதை எடுத்துவிட்டால் அடுத்தவருக்குத் தோல் மட்டும் மிஞ்சும். பக்கவாட்டில் நீளமாக வெட்டுங்கள். ரொட்டியைக் கையால் பிய்க்கலாம்.

"நான் சைவம். பால்ல செய்யதுதானே, சீஸ் திங்கலாம்லா?"

இதைக் கட்டாயம் படியுங்கள். தயிருக்கு உறைமோர் போல, சீஸுக்குப் பாலை உறைய வைக்க ரெனெட் வேண்டும். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. கோம்தே, ரொக்ஃபோர், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ மூன்றிலும் அதுதான். நம் நாட்டில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும், அதனால் இந்தக் கேள்வி இங்கே எழுவதில்லை. அங்கே பலருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது, அதனால் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கண்டிப்பான சைவம் என்றால் ஆலிவ், வறுத்த பருப்புகள், சுட்ட காய்கறி, ரொட்டி கேளுங்கள். கருப்பு ஆலிவ் துவையல் போல இருக்கும் தாப்பெனாதில் நெத்தலி மாதிரி ஒரு மீன் அரைத்திருப்பார்கள், அது வேண்டாம். சில வைன்களைத் தெளிய வைக்கவும் முட்டை வெள்ளையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளோ சேர்ப்பது உண்டு.

"சுகர் மாத்திரை போடுதேன். ஆனா செவப்பு வைன் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்லுதாவளே?"

அந்தப் பேச்சை நம்பிக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். ஆரோக்கியத்துக்குப் பாதகமில்லாத அளவு என்று ஆல்கஹாலில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், வெறும் வயிறு என்றால் இன்னும் மோசம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எடுக்கிற நாட்களில் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வைனைப் போலவே பலகையும் கவலைதான், உலர்ந்த இறைச்சி முழுக்க உப்பு. கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

"மவ முழுகாம இருக்கா. அவ பலகையில எதைத் திங்கலாம்?"

வைன் கூடாது. காய்ச்சாத பாலில் செய்த மெத்தென்ற சீஸ், நீலச் சீஸ், வேகாத உலர் இறைச்சி, பாத்தே எதுவும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி கருவிலுள்ள குழந்தையைத் தாக்கும். கோம்தே போன்ற கெட்டிச் சீஸைத் தோல் நீக்கிக் கொடுக்கலாம் என்பதுதான் அங்குள்ள டாக்டர்கள் சொல்லும் வழக்கம்.

"முதல்ல ஒருத்தருக்கு மட்டும் துளி ஊத்திட்டு நிக்காவ. அப்ப என்ன செய்யணும்?"

பாட்டில் வாங்கினால் இது நடக்கும். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை, கெட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச்சுவர் வாசனை அடித்தால் பாட்டில் தக்கையால் வைன் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்றுமில்லை என்றால் தலையாட்டினால் போதும். மேலே சொன்ன துவர்ப்பும் புளிப்பும் பழுது இல்லை, அதைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

"ரெண்டு கிளாஸ்தானே, மருமவன் கார் ஓட்டலாம்லா?"

ஓட்டக் கூடாது. பிரான்சில் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. ஒரு கிளாஸே 0.2 முதல் 0.25 வரை ஏற்றிவிடும். நம் நாட்டில் எல்லை இன்னும் குறைவு, 0.3. மெட்ரோவிலோ டாக்ஸியிலோ போய் வாருங்கள்.

"பில்லு எவ்வளவு வரும்? டிப்ஸ் குடுக்கணுமா?"

நான் இருந்த இடத்தில் ஒரு கிளாஸ் ஐந்து முதல் எட்டு யூரோ, ஒரு பலகை பதினைந்திலிருந்து இருபத்தைந்து. பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும். மனம் நிறைந்திருந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம், வைக்காவிட்டாலும் தப்பில்லை. பிள்ளை பில் கொடுக்கும்போது மனதுக்குள் ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட்டு முகம் வாட வேண்டாம், அவன் அதைக் கவனிப்பான்.

"திரும்பி வந்த பெறவு நாகர்கோவில் வீட்டுலயே இப்படியொரு பலகை வைக்கலாமா?"

வைக்கலாம், வைன் இல்லாமலே. கோழி வெட்டும் பலகை வேண்டாம், புதிதாக ஒரு மரப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் செடார் சீஸ், இரண்டு மட்டிப் பழம், நேந்திரங்காய் சிப்ஸ், வறுத்த அண்டிப்பருப்பு, ஒரு கிண்ணத்தில் மார்த்தாண்டம் தேன், ஒரு கிண்ணத்தில் நாரத்தங்காய் ஊறுகாய். வெள்ளரிக்குப் பதில் அது கச்சிதம். குடிக்கக் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து வடிகட்டிக் குளிர வைத்த சாறு, இனிப்பு சேர்க்காமல்.

சீஸைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைப்பது லியோன் வழக்கம், குளிரில் அதன் வாசனை எழும்பாது. நம் ஊர் வெக்கைக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் கக்கிவிடும்.